கான்ஹாவின் பன்னிரு கொம்பன்

கான்ஹா தேசியப் பூங்காவுக்குச் சென்று திரும்பும் எவரையும் ஊரார் முதலில் கேட்பது, "புலியைப் பார்த்தீர்களா?" என்பதுதான். நாங்களும் அக்கேள்விக்கு விடையோடு திரும்பவேண்டும் என்ற ஆவலுடனேயே, மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றில், போர்வைக்குள் ஒடுங்கியபடி திறந்த ஜீப்பில் ஏறினோம். புலியைக் காணவில்லை. செம்மண் தடத்தில் அதன் காலடிச் சுவடுகளைக் கண்டோம், அவ்வளவே. ஆனால் வெயில் ஏறத் தொடங்கிய வேளையில், பனி விலகிக்கொண்டிருந்த புல்வெளி ஒன்றில், முழங்காலளவு புல்லுக்கு நடுவே ஒரு கூட்டம் நின்றது. கடமான்கள் என்று எங்களுள் ஒருவர் உரக்கச் சொல்லிவிட்டார். வழிகாட்டி சிரித்துக்கொண்டே தலையசைத்து மறுத்தார். கூட்டத்தின் முன்னே நின்ற ஆண் மானின் கொம்புகளில் வைக்கோற்போர் சரிந்து விழுந்ததுபோல் புற்கற்றைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

இணைசேரும் பருவத்தில் பாராசிங்கா மான்கள் புல்லைக் கொம்பால் கிளறி, அதனை மகுடம்போல் சூடிக்கொண்டு திரியும் என்பதைப் பின்னர் அறிந்தோம். மாப்பிள்ளைக் கோலம் என்றே சொல்லலாம். புலியைக் காணாத ஏமாற்றம் அந்தக் கணத்தோடு எங்களை விட்டு அகன்றது. ஏனெனில், அன்று நாங்கள் கண்ட இருபது, முப்பது மான்கள், ஒரு காலத்தில் உலகில் எஞ்சியிருந்த இவ்வகையின் மொத்தத் தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை.

மண்ணும் மரமும் மானும்

மத்தியப் பிரதேசத்தின் மண்டலா, பாலாகாட் மாவட்டங்களில், மைக்கால் மலைத்தொடரின் மடியில் 940 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது இப்பூங்கா. பஞ்சார், ஹாலோன் என்னும் இரு ஆறுகள் இதன் பள்ளத்தாக்குகளை வளப்படுத்தி, இறுதியில் நருமதையின் நீரோடு சேர்கின்றன. பள்ளத்தாக்குகளில் உள்ள களிமண்ணுக்குக் 'கன்ஹார்' என்று பெயர். கான்ஹா என்ற பெயர் அதிலிருந்தே வந்தது என்பர். கண்வ முனிவரின் பெயரோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு. பூங்காவினுள் சிரவண தால் என்றொரு குளம் இருக்கிறது. கண்ணிழந்த பெற்றோருக்கு நீர் முகக்க வந்த சிரவணகுமாரனைத் தசரதன் அம்பெய்தது இங்கேதான் என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. காட்டை நிறைத்து நிற்பதோ சால மரம். கம்பர் மராமரம் என்று பாடும் அதே மரம். எங்கோ வடக்கே இருக்கும் காடு என்ற எண்ணத்தோடு வந்த எங்களுக்கு, இதைக் கேட்டதும் காடு சற்றே நெருங்கி வந்தாற்போல் இருந்தது.

'பாராசிங்கா' என்றால் இந்தியில் பன்னிரண்டு கொம்புடையது என்று பொருள். வளர்ந்த ஆணின் இரு கொம்புகளிலும் சேர்த்துப் பத்து முதல் பதினான்கு வரை கிளைகள் இருக்கும். இந்தியாவில் இம்மானின் மூன்று வகைகள் வாழ்கின்றன. இமயமலை அடிவாரத்துச் சதுப்பு நிலங்களில், உத்தரப்பிரதேசத்துத் துத்வா போன்ற இடங்களில், ஒரு வகை. அசாமின் காசிரங்காவில் மற்றொரு வகை. மூன்றாவது கான்ஹாவின் வகை. முதலிரண்டும் சேற்றில் நடப்பதற்கேற்ப விரிந்து பரவும் குளம்புகளைக் கொண்டவை. கான்ஹாவின் மானுக்குக் குளம்பு இறுகிச் சிறுத்து, கெட்டித் தரையில் நடக்கத் தக்கதாக அமைந்துள்ளது. இவ்வகை வேறு எங்கும் எஞ்சாமல், கான்ஹா ஒன்றிலேயே தங்கிவிட்டது என்பதுதான் இக்கதையின் முடிச்சு.

மூவாயிரத்திலிருந்து அறுபத்தாறு

1938 அளவில் கான்ஹா வட்டாரத்தில் ஏறத்தாழ 3,000 பாராசிங்காக்கள் இருந்தன என்பது வனத்துறையின் கணக்கு. 1953 வாக்கில் அத்தொகை 550 அளவுக்கு இறங்கியது. 1970இல் எண்ணியபோது எஞ்சியவை 66.

இந்த வீழ்ச்சி, பாதுகாப்பே இல்லாத காலத்தில் நிகழ்ந்ததன்று. 1930களிலேயே பஞ்சார், ஹாலோன் பள்ளத்தாக்குகள் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டுவிட்டன. 1955இல் கான்ஹா தேசியப் பூங்காவாயிற்று. காகிதத்தில் காவல் இருந்தது. புல்லுக்குக் காவல் இல்லை. வேட்டை ஒரு காரணம்தான். அதனினும் ஆழமான காரணம், இம்மான் புல்லை மட்டுமே நம்பி வாழ்வது. கடமான் இலை, தழை, காய் என எதையும் உண்டு பிழைத்துக்கொள்ளும், புள்ளிமானும் அவ்வாறே. பாராசிங்கா புல்வெளியை விட்டு விலகாது. பூங்காவின் சமதளப் புல்வெளிகளோ உழவு நிலங்களாகவும் மேய்ச்சல் வெளிகளாகவும் மாறிக்கொண்டிருந்தன. கோடையில் வைக்கப்பட்ட தீ உயர்ந்த புற்களை ஆண்டுதோறும் பொசுக்கியது. ஊர் மாடுகளிடமிருந்து தொற்றிய நோயும் கருச்சிதைவுக்குக் காரணமாயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஐயுற்றனர்.

குட்டி ஈனும் முறை இதில் முக்கியமானது. பாராசிங்கா குளிர்காலத்தில் கருவுற்று, ஏறத்தாழ எட்டு மாதம் சுமந்து, மழை ஓயும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஈனுகிறது. பெரும்பாலும் ஒரே குட்டி. தாய் அக்குட்டியை உயர்ந்த புல்லுக்குள் ஒளித்து வைத்துவிட்டு மேயச் செல்கிறது. அந்தச் சில நாட்களில் குட்டிக்கு அரண் புல் ஒன்றே. மாடுகள் மேய்ந்து மொட்டையான வெளியில் பிறக்கும் குட்டியை நரி கண்டுபிடிப்பதற்கு அதிக நேரம் ஆகாது. பெரிய மான்கள் சாவதைக் காட்டிலும், குட்டிகள் வளராமற் போனதே இனத்தைக் கரைத்தது.

அமெரிக்க உயிரியலாளர் ஜார்ஜ் ஷாலர் 1960களின் நடுவில் கான்ஹாவில் தங்கி, புலியையும் அதன் இரைவிலங்குகளையும் ஆராய்ந்து, 1967இல் ஒரு நூலாக வெளியிட்டார். இந்த மானின் அவலநிலை உலகுக்குத் தெரிய அது பெரிதும் உதவியது. அதே காலத்தில் மண்டலா மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றியவர் எம்.கே. ரஞ்சித்சிங். கான்ஹாப் புல்வெளிகளிலிருந்த சிற்றூர்களை வெளியே குடியமர்த்தும் பணியை ஆட்சியர் என்ற நிலையில் முன்னெடுத்தவர். பின்னாளில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கியதில் முதன்மைப் பங்காற்றியவர். காசிரங்காவில் வாழும் பாராசிங்கா வகைக்கு இன்று அவர் பெயரே அறிவியற் பெயராக வழங்குகிறது. ஆட்சியர் ஒருவரின் பெயரை மான் ஒன்று தாங்கி நிற்பது அரிய சிறப்புத்தான்.

வேலிக்குள் வைத்த முதல்

1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் சேர்க்கப்பட்ட ஒன்பது காப்பகங்களில் கான்ஹாவும் ஒன்று. புலிக்காக வந்த பணமும் ஆளும் காவலும் மானுக்கும் பயன்பட்டன. அதே ஆண்டுகளில், புல்வெளியின் ஒரு பகுதியை உயர்ந்த வேலியால் சூழ்ந்து, புலியும் சிறுத்தையும் செந்நாயும் புகாதபடி காத்து, சில மான்களை மட்டும் அதனுள் விட்டனர். வேலிக்குள் புல் உயர்ந்தது; குட்டிகள் பிழைத்தன; தொகை பெருகப் பெருக, வளர்ந்த மான்கள் வெளியே திறந்துவிடப்பட்டன.

நம் வாசகர்களுக்கு இதனை விளக்க நீண்ட உரை தேவையில்லை. முதலைத் தொடாமல், பெருகியதை மட்டும் எடுத்துப் புழங்கும் முறை அது. 1980களின் இறுதிக்குள் கான்ஹாவின் பாராசிங்காக்கள் பல நூறாயின. எனினும் வளர்ச்சி ஒரே சீராக அமையவில்லை. அடுத்து வந்த நெடுங்காலம் தொகை 300, 400 என்ற அளவிலேயே தேங்கி நின்றது. வேலி ஓர் இனத்தை அழிவின் விளிம்பிலிருந்து இழுத்துவிடும். அதற்கு மேல் வளர்க்க வேண்டியது வெளியிலுள்ள நிலம். அந்நிலத்தைச் சீராக்கும் வேலையே பின்னர் முழுவீச்சில் நடந்தது. 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொகை 800ஐத் தொட்டது.

புல்லை வளர்த்தல்

புல் தானே முளைக்கும். அதை வளர்க்க என்ன இருக்கிறது என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். கான்ஹாவில் இரண்டு நாள் சுற்றியபின் அவ்வெண்ணம் மாறியது.

ஓர் ஊர் வெளியேறியதும் அதன் வயல்கள் உடனே புல்வெளியாகிவிடுவதில்லை. உழுது புரட்டிய மண்ணில் முதலில் குடியேறுவது களைதான். மழைக்காலத்தில் தகரைச் செடி கம்பளம் விரித்தாற்போல் மண்டுகிறது. அதன் தழையை மான்கள் விரும்புவதில்லை. பார்த்தீனியம் வருகிறது. காட்டோரங்களிலிருந்து உண்ணிச்செடிப் புதர் மெல்ல முன்னேறுகிறது. இவற்றுக்குப் பின்னால் சால மரக் கன்றுகளும் பிற மரக்கன்றுகளும் தலைதூக்குகின்றன. தலையிடாமல் விட்டால் சில பத்தாண்டுகளில் வெளி காடாகிவிடும். காடு பெருகுவது நன்றுதானே என்று கேட்கலாம். கான்ஹாவில் காட்டுக்குக் குறைவில்லை, குறைவாயிருப்பது வெளி. ஆகவே மரக்கன்றைப் பிடுங்கி எறியும் வேலையை வனத்துறையே செய்யும் விந்தையை இங்கே காணலாம்.

தகரையைப் பூத்துக் காய்க்கும் முன்னரே வேரோடு பிடுங்கவேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் விதை சிந்திவிடும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே வேலை. அதனால் மழைக்காலத்திலேயே, நனைந்த மண்ணில், சுற்றுப்புற ஊர்களின் ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று கையால் பறிக்கின்றனர். உண்ணிச்செடி இன்னும் பிடிவாதமானது. வெட்ட வெட்டத் துளிர்க்கும். எரித்தால் முன்னைவிட அடர்த்தியாக எழும். இந்தியக் காப்பகங்கள் பலவற்றில் இன்று கையாளப்படும் முறை எளிமையானது: மண்ணை விலக்கி, தண்டும் வேரும் கூடுமிடத்துக்குச் சற்றுக் கீழே வேரை வெட்டி, புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிடுவது. மண்ணைத் தொடாத வேர் காய்ந்துவிடும்.

களை போனபின் புல் வரவேண்டும். நல்ல புற்களின் விதையைச் சேகரித்து வெற்றிடங்களில் தூவுகின்றனர். இங்கும் ஒரு சிக்கல் உண்டு. புள்ளிமானுக்கு ஏற்றது குட்டைப் புல். கான்ஹாவில் புள்ளிமான்கள் பல்லாயிரம். அவை கூட்டமாக ஒரே வெளியில் மேய்ந்தால் புல் உயரவே உயராது. பாராசிங்காவுக்கோ நாணலும் தருப்பையும் போன்ற உயர்ந்த புற்கள் வேண்டும். ஆகவே வெளிகள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைக்காமல், சிலவற்றைக் குட்டையாகவும் சிலவற்றை உயரமாகவும் பேணவேண்டியுள்ளது. எரிப்பதிலும் இந்தக் கணக்கு உண்டு. கோடையில் வெளி முழுவதும் பற்றியெரிய விடுவதைத் தவிர்த்து, ஈரம் காயாத குளிர்காலத்திலேயே திட்டுத் திட்டாக எரிக்கின்றனர். எரிந்த திட்டில் இளந்தளிர் எழும். எரியாத திட்டு ஒளிவிடமாக நிற்கும். நாங்கள் ஜீப்பிலிருந்து பார்த்தபோது, கறுப்பும் பழுப்புமாகக் கட்டங்கள் வரைந்ததுபோல் தெரிந்த வெளியின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று.

நீரையும் மறக்கவில்லை. ஓடைகளின் குறுக்கே சிறு தடுப்பணைகளும், புல்வெளிகளில் குளங்களும் அமைக்கப்பட்டுள்ளன. கெட்டித் தரை மானாயினும், சதுப்பில் வாழ்ந்த முன்னோரின் பழக்கத்தை இது விடவில்லை. நீருக்குள் இறங்கி நின்று, முகத்தை அமிழ்த்தி நீர்த்தாவரங்களை மேய்கிறது. சேற்றில் புரண்டு மகிழ்கிறது.

வெளியேறிய ஊர்கள்

புல்வெளிகளின் பெயர்களைக் கேட்டால் ஊர்ப்பெயர்கள் போலவே ஒலிக்கும். அவை ஊர்ப்பெயர்களேதாம். சோன்ஃப் என்ற வெளி இன்று பாராசிங்காவுக்குப் பெயர்பெற்றது. 1970களில் அங்கிருந்த ஊர் பூங்காவுக்கு வெளியே இடம்பெயர்க்கப்பட்டது. 1960களின் இறுதியில் தொடங்கி இன்றுவரை இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் இவ்வாறு நகர்ந்துள்ளன. அவற்றில் வாழ்ந்தோர் பெரும்பாலும் கோண்டு, பைகா பழங்குடியினர்.

பைகாக்களைப் பற்றி வெரியர் எல்வின் 1939இல் எழுதிய நூல் புகழ்பெற்றது. பூமித்தாயின் மார்பை ஏரால் கீறக்கூடாது என்று நம்பி, காட்டின் சிறு பகுதியை வெட்டி எரித்துச் சாம்பலில் விதைக்கும் 'பேவர்' வேளாண்மையை மேற்கொண்டவர்கள் அவர்கள். மூலிகையறிவும் காட்டறிவும் மிக்கவர்கள். காட்டை நன்கறிந்தவர்களே காட்டைவிட்டு வெளியேறவேண்டியிருந்தது என்பதை எழுதாமல், மானின் மீட்சியை மட்டும் எழுதினால் கணக்கின் ஒரு பக்கத்தை மறைத்ததாகும்.

இன்றைய சட்டம் முன்பைவிடத் தெளிவானது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும், அதே ஆண்டில் திருத்தப்பட்ட வனவுயிர்ச் சட்டமும், கிராம சபையின் அறிந்த ஒப்புதலின்றி எவரையும் நகர்த்தக்கூடாது என்கின்றன. புலிகள் காப்பகத்திலிருந்து விரும்பி வெளியேறும் குடும்பத்துக்கு 2008 முதல் 10 லட்சம் ரூபாய் என்றிருந்த உதவித்தொகை, 2021இல் 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. பணம் கட்டங்கட்டமாக, மாவட்ட ஆட்சியர் வழியாக வழங்கப்படவேண்டும் என்பது விதி. வாழ்நாளில் பெருந்தொகையைக் கையாண்டிராத ஒரு குடும்பத்திடம் முழுப்பணமும் ஒரே நாளில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை வங்கியோடு பழகிய எவரும் ஊகிக்கலாம். நிலம் வாங்கத் தரகரை நம்புவதும், பயன்படாத வண்டியை வாங்குவதும், உறவினர் கடன் கேட்பதும் நமக்குத் தெரியாதவையல்ல. விதி இருந்தும், 2014இல் கான்ஹாவிலிருந்து வெளியேறிய பைகாக் குடும்பங்கள் தம் விருப்பத்தோடு செல்லவில்லை என்று பழங்குடி உரிமை அமைப்புகள் குரலெழுப்பின. காடு விட்டுச் சென்றோரில் நல்ல நிலம் வாய்த்துத் தழைத்தவரும் உண்டு. கூலிக்கு அலைபவரும் உண்டு. அண்டை மாவட்டமான திண்டோரியில், பைகா சக் எனப்படும் பகுதியின் பைகாக்களுக்கு நாட்டிலேயே முதன்முதலாக வாழிட உரிமை அளிக்கப்பட்டிருப்பது, வேறொரு வழியும் உண்டு என்பதைக் காட்டுகிறது. ஒப்புதல் என்ற சொல்லைத் தாளில் பெறுவதா, மனத்தில் பெறுவதா என்பதில் இன்னும் கவனம் வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

எங்கள் வழிகாட்டியும் கோண்டு இனத்தவர். அவருடைய பாட்டனார் காலத்து ஊர் இப்போது புல்வெளி. வண்டி அவ்வழியே சென்றபோது, ஒரு முதிய மாமரத்தைச் சுட்டிக்காட்டி, காட்டில் தனியே மாமரம் நின்றால் அங்கே ஊர் இருந்தது என்று பொருள் என்றார். அதன் பின் அன்று காலை முழுவதும் நாங்கள் மாமரங்களைத் தேடிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது வீடு

இருக்கும் சேமிப்பு அனைத்தையும் ஒரே இடத்தில் முடக்கவேண்டாம் என்பது எல்லாக் கிளைகளிலும் சொல்லப்படும் அறிவுரை. கான்ஹாவின் பாராசிங்காவைப் பொறுத்தவரை நெடுங்காலம் அனைத்தும் ஒரே இடத்தில்தான் இருந்தது. ஒரு கொள்ளைநோயோ ஒரு பெருந்தீயோ போதும். உலகில் இவ்வகை இல்லாமற் போயிருக்கும். ஆகவே, ஒரு காலத்தில் இம்மான் வாழ்ந்து மறைந்த சாத்புரா காப்பகத்துக்குச் சிலவற்றைக் கொண்டுசெல்ல முடிவாயிற்று.

பாராசிங்காவைப் பிடிப்பது எளிதன்று. துரத்தினால் அச்சத்தாலேயே தசைகள் சிதைந்து இறந்துபோகக்கூடிய பிராணி அது. ஆப்பிரிக்காவில் வழங்கும் 'போமா' என்னும் முறை இங்கே கைகொடுத்தது. புல்வெளியில் புனல் வடிவில், அகன்ற வாயிலிருந்து குறுகிக்கொண்டே செல்லும் இரு பக்கத் தடுப்புகளைக் கட்டி, ஊடுருவிப் பார்க்க முடியாத துணியால் மறைக்கின்றனர். மானுக்கு அது தாண்டவியலாத சுவராகத் தெரியும். கூட்டம் மெல்ல மெல்ல உள்ளே செல்ல, பின்னால் திரை மூடப்படும். புனலின் முனை சாய்தளமாகி, நேராக லாரியின் கூண்டுக்குள் முடிகிறது. மயக்க ஊசி இல்லை, கயிறு இல்லை, மனிதக் கை மானைத் தொடுவதே இல்லை. லாரிக்குள் வைக்கோல் பரப்பி, இருட்டாக்கி, இடைநில்லாமல் கொண்டுசெல்கின்றனர்.

2015இல் இவ்வாறு முதற்கூட்டம் சாத்புராவின் போரி பகுதியை அடைந்தது. அங்கும், ஊர்கள் வெளியேறிய நிலம் முன்கூட்டியே புல்வெளியாக்கப்பட்டு, வேலியிடப்பட்டுத் தயாராயிருந்தது. போபாலின் வன விஹார் பூங்காவுக்கும் சில சென்றன. சாத்புராவில் குட்டிகள் பிறந்தன. வேலிக்கு வெளியே மான்கள் விடப்பட்டன. 2023இல் பாந்தவ்கர் காப்பகத்திலும் ஒரு கூட்டம் வேலிக்குள் குடியேறியது. கொடுக்கும் இடம் ஒவ்வொரு முறையும் கான்ஹாவே. ஆயினும் 66 மான்களின் வழித்தோன்றல்களே இவை அனைத்தும் என்பதால், மரபணு வளம் குறுகியிருக்கும் என்ற கவலை அறிவியலாளர்களுக்கு உண்டு. அதை எந்த வேலியாலும் சரிசெய்ய இயலாது. கூட்டங்களை மாற்றி மாற்றிக் கலந்து, குறைவை மேலும் குறையாமல் காக்கலாம்.

பயணம் செல்ல விரும்பும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. ஜபல்பூரிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் சாலைவழி சென்றால் கட்டியா வாயிலை அடையலாம். முக்கி, சர்ஹி வாயில்களும் உண்டு. கொம்பில் புல் சூடிய மான்களைக் காண டிசம்பரும் ஜனவரியும் ஏற்ற மாதங்கள். விடியலில் குளிர் எலும்பைத் தொடும், கம்பளி அவசியம். இணைசேரும் பருவத்தில் ஆண் மான் எழுப்பும் நீண்ட அகவல் பனிமூட்டத்தினூடே வெகுதூரம் கேட்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காக வாயில்கள் மூடப்பட்டிருக்கும். வண்டித்தடங்கள் சேறாகி, பஞ்சார் பெருக்கெடுக்கும் அம்மாதங்களில் உள்ளே இருப்போர் ரோந்து செல்லும் வனக்காவலரும் களை பறிப்போரும் மட்டுமே. மழைக்காலத்தின் இறுதி வாரங்களில், ஆளுயரப் புல்லுக்குள் அவ்வாண்டின் முதற் குட்டிகள் பிறக்கின்றன.